பாட்டு செட்டுக்கு எந்த பவர் கேபிள் போதும்? மலையக வீடுகளுக்கான எளிய விளக்கம்

சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் ஒரு அம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கரும் வீட்டுக்கு வந்துவிட்டன. பெட்டியைப் பிரித்தால் அடுத்த கேள்வி காத்திருக்கும். கூடவே வந்த மெல்லிய பவர் கேபிளே போதுமா, இல்லை தடித்த கேபிள் வாங்க வேண்டுமா? யூடியூபில் தேடினால், கேபிளை மாற்றியதும் பாட்டுக்குப் புது உயிர் வந்துவிட்டதாகச் சொல்பவர்கள் ஏராளம். ஹட்டனிலோ பதுளையிலோ கடைக்குப் போய்க் கேட்டால், தடிப்பானதை எடுத்து மேசையில் வைத்து, "இதப் போடுங்க, பேஸ் நல்லா அடிக்கும்" என்பார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவர் கேபிளுக்கு இரண்டே வேலைதான். சூடேறாமல் கரண்டைக் கொண்டுவர வேண்டும். செட்டுக்குள் ஏதாவது பழுதானால் வீட்டில் இருப்பவர்களைக் காப்பாற்ற வேண்டும். பாட்டின் இனிமை இதன் கையில் இல்லை. குறைந்த காசில் செட் கட்டுகிறவர்கள் இதைப் புரிந்துகொண்டால், தேவையில்லாத இடத்தில் பணத்தைக் கொட்டாமல், உயிருக்கு ஆபத்தான இடத்தில் கஞ்சத்தனமும் பண்ணாமல் தப்பலாம்.

கடைசி ஒன்றரை மீட்டர்

தலவாக்கலையில் இருப்பவர்கள் மேல் கொத்மலை அணையைத் தினமும் பார்க்கிறார்கள். 150 மெகாவாட் கொள்ளளவுள்ள அந்த மின்நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. லக்சபான 1950இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் இவ்வளவு பக்கத்தில் உற்பத்தியாகிற கரண்ட் நேராக நம் வீட்டுக்குள் வருவதில்லை. பெரிய கோபுர லைன்களில் ஏறி நாட்டின் பொது மின்வலையில் கலந்து, உபநிலையத்தில் 33,000 வோல்ட்டாக இறங்கி, தேயிலை மலைகளைத் தாண்டி வந்து, தோட்டத்து டிரான்ஸ்ஃபோமரில் இன்னொரு தடவை இறங்கிய பிறகுதான் 230 வோல்ட்டாக வீட்டை எட்டுகிறது. அதற்குப் பிறகும் கம்பங்கள், மீட்டர், மெயின் சுவிட்ச், சுவர் வயரிங், பிளக் பேஸ் என்று வரிசை இருக்கிறது. இத்தனைக்கும் கடைசியில் வருகிற ஒன்றரை மீட்டர்தான் நாம் வாங்கும் கேபிள். அதற்கு முன்னால் இருக்கும் கிலோமீட்டர் கணக்கான வயரில் நடந்த எதையும் இந்த ஒன்றரை மீட்டரால் திருத்த முடியாது.

கணக்கும் சின்னதுதான், போட்டுப் பார்த்துவிடலாம். செட்டோடு வரும் சாதாரண கேபிளுக்குள் இருக்கும் செம்பு வயரின் தடிப்பு பெரும்பாலும் 0.75 சதுர மில்லிமீட்டர். ஒன்றரை மீட்டர் நீளம் என்றால் கரண்ட் போய்வரும் தூரம் மூன்று மீட்டர். அந்த மூன்று மீட்டர் செம்பின் தடை ஏறக்குறைய 0.07 ஓம். வீட்டில் வைத்துப் பாட்டுக் கேட்கும் அம்ப்ளிஃபையர் 200 வாட் இழுத்தால்கூட ஒரு அம்பியருக்குக் கீழேதான். ஒரு அம்பியரே என்று வைத்தாலும் கேபிளில் தொலைவது 0.07 வோல்ட். இரண்டு மடங்கு தடிப்பான 1.5 போட்டால் அது 0.035 வோல்ட்டாகக் குறையும். மிச்சமாவது ஒரு வோல்ட்டில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான்.

இதை லைன் கடைசியில் இருக்கும் வீட்டின் நிலைமையோடு வைத்துப் பாருங்கள். இலங்கையில் 230 வோல்ட்டுக்கு 6 வீதம் கூடவோ குறையவோ அனுமதி உண்டு. அதாவது 216இலிருந்து 244 வரை. இரவு ஆறரையிலிருந்து பத்தரை வரை எல்லா வீட்டிலும் லைட், டிவி, கேத்தல் ஓடும் நேரம். டிரான்ஸ்ஃபோமரிலிருந்து தூரத்தில் இருக்கும் லயங்களில் அப்போது வோல்ட் அதற்கும் கீழே இறங்கி, பல்ப் மங்குவது பலருக்கும் பழகிய விஷயம். சாதாரண டிரான்ஸ்ஃபோமர் வைத்த அம்ப்ளிஃபையரில் வோல்ட் பத்து வீதம் குறைந்தால், அது கொடுக்கக்கூடிய உச்ச சத்தம் ஒரு டெசிபலுக்கும் குறைவாகத்தான் இறங்கும். 23 வோல்ட் போனாலே காதுக்குப் பட்டும் படாமலும் இருக்கிற இடத்தில் 0.035 வோல்ட் என்ன செய்துவிடும்?

செட்டுக்குள் நடப்பதும் இதையேதான் காட்டுகிறது. கேபிள் வழியாக வரும் கரண்ட் நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. முதலில் டிரான்ஸ்ஃபோமரில் இறங்கும், டயோட்கள் அதை ஒரு திசைக்குத் திருப்பும், பிறகு பெரிய கெப்பாசிட்டர்களில் நிரம்பும். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த நிரப்பல் செக்கனுக்கு 100 தடவை நடக்கிறது. லயத்து மேட்டில் கட்டிய தண்ணீர் டேங்கிக்குப் பைப்பில் விட்டு விட்டுத் தண்ணீர் வந்தாலும், கீழே குழாயில் சீராக விழுவது மாதிரிதான். பாட்டுக்கு வேண்டிய சக்தியை அம்ப்ளிஃபையர் எடுப்பது அந்தக் கெப்பாசிட்டர்களிலிருந்து.

"கணக்கு அப்படி, காது வேற சொல்லுதே" என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்லலாம். 2004இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஆடியோ ஆர்வலர்கள் கூடி, சாதாரண பவர் கேபிளையும் 2,500 டொலர் அளவு விலையுள்ள கேபிளையும், எது மாட்டியிருக்கிறது என்று தெரியாமலே கேட்டுப் பார்த்தார்கள். 149 தடவையில் 73 தடவை சரியாகச் சொன்னார்கள். பூவா தலையா போட்டாலும் அந்த அளவுதான் வரும். கேட்டவர்கள் யாரும் அலட்சியக்காரர்கள் இல்லை, வித்தியாசம் கேட்கும் என்று நம்பி வந்தவர்களும் அதில் இருந்தார்கள். புதுக் கேபிளுக்குக் காசு கொடுத்த பிறகு நாம் கூடுதல் கவனத்தோடு கேட்கிறோம். அந்தக் கவனத்தில் பழைய பாட்டிலும் புதிதாக ஏதோ கேட்கத்தான் செய்யும்.

அப்படியானால் எது வாங்குவது?

செட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். மூன்று ஊசி நிற்கும் சதுரக் குழி இருந்தால் அதற்குப் போடுவது சி13 என்ற தலை. கம்ப்யூட்டருக்கும் மொனிட்டருக்கும் போடும் அதே கேபிள்தான், கடையில் கம்ப்யூட்டர் பவர் கேபிள் என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். எட்டு என்ற எண்ணைப் படுக்கப் போட்டது மாதிரி இரண்டு ஊசிக் குழி இருந்தால் அது சி7. ரேடியோ, டிவிடி பிளேயர், சின்ன செட்களுக்கு வருவது. சில செட்களில் கேபிள் உள்ளேயே பிணைத்திருக்கும். அதை மாற்றத் தேவையில்லை, வெடித்தோ எலி கடித்தோ இருந்தால் மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள்.

தடிப்பைப் பொறுத்தவரை, வீட்டு செட்டுக்கு 0.75 போதும். பெரிய அம்ப்ளிஃபையர், பவர் கூடிய சப்வூஃபர் என்றால் 1.0 எடுங்கள். 1.5 கிடைத்தால் அதில் தப்பில்லை, ஆனால் அதற்காகக் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டாம். நீளம் தேவைக்கு அளவாக இருக்கட்டும். ஐந்து மீட்டர் வாங்கி மிச்சத்தைச் சுருட்டி செட்டுக்குப் பின்னால் திணிப்பதைவிட, ஒன்றரை மீட்டர் நேராகப் போவது நல்லது.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் கேபிள் நல்ல நிலையில் கிடந்தால் அதையே போடலாம். பழுதான பிராண்டட் கம்ப்யூட்டர்களோடு வந்த கேபிள்கள், இன்றைக்குக் கடையில் தொங்கும் பெயர் தெரியாத புதிய கேபிள்களைவிடத் தரமாக இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். காசில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கேபிளின் உறையில் எழுத்து அச்சடித்திருக்கும். 3ஜி 0.75 என்றால் எர்த்தோடு (பழுதானால் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் காவல் வயரோடு) மூன்று வயர், ஒவ்வொன்றும் 0.75 தடிப்பு. 3 பெருக்கல் 0.75 என்று போட்டிருந்தாலும் மூன்று வயர்தான், ஆனால் அதில் ஒன்று எர்த்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தே இல்லாத கேபிளைக் கீழே வைத்துவிடுங்கள். வெளி ரப்பர் தடிப்பாக இருப்பதால் உள்ளே செம்பும் தடிப்பு என்று ஆகாது. சில கேபிள்கள் விரல் அளவு தடித்திருக்கும், வெட்டிப் பார்த்தால் உள்ளே இருக்கும் வயர் நூல் அளவுதான்.

அடுத்தது பிளக். 2018 ஓகஸ்ட்டிலிருந்து இலங்கையில் விற்க வேண்டியது தட்டை ஊசி 13 அம்பியர் பிளக்தான். பழைய உருண்டை ஊசி 5 அம்பியர், 15 அம்பியர் வகைகள் படிப்படியாகக் கைவிடப்படுகின்றன. பிளக்கைத் திருப்பி ஊசிகளைக் கவனியுங்கள். கீழே இருக்கும் இரண்டு ஊசிகளின் அடிப்பாதியில் கறுப்பு பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். பாதி இழுபட்ட பிளக்கில் விரல் பட்டாலும் ஷொக் அடிக்காமல் இருப்பதற்கு அது. எர்த் உள்ள மூன்று வயர் கேபிளில், மேலே இருக்கும் நீளமான எர்த் ஊசியோ முழுவதும் உலோகமாகவே இருக்க வேண்டும். அதிலும் கறுப்பு உறை போட்டிருந்தால் அது போலிப் பிளக். உறை இருக்கும் இடத்தில் பிளக் பேஸின் எர்த் தகடு பட்டால் எர்த் தொடர்பே கிடைக்காது. பார்ப்பதற்கு மூன்று ஊசி இருக்கும், எர்த் மட்டும் இருக்காது.

ஊசிப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குள்தான் பியூஸ். அந்த மூடியே இல்லாத 13 அம்பியர் பிளக்கை வாங்காதீர்கள். மெல்லிய கேபிள் நம்பி நிற்கும் ஒரே காவல் அந்த பியூஸ்தான். 0.75 கேபிளுக்கு 3 அம்பியர் பியூஸ் போட்டால் 690 வாட் வரை தாங்கும், வீட்டு செட்டுக்கு அதுவே தாராளம். 3 அம்பியர் பியூஸ் சிவப்பிலும் 13 அம்பியர் பியூஸ் பழுப்பிலும் அச்சடித்து வரும். பெரிய டிரான்ஸ்ஃபோமர் உள்ள அம்ப்ளிஃபையரில் சுவிட்ச் போட்ட கணத்தில் கரண்ட் குபீரென்று ஏறி 3 அம்பியர் பியூஸ் எரிந்தால் 5 அம்பியர் போடுங்கள். பியூஸ் போனதும் சிகரெட் பெட்டித் தகட்டைச் சுற்றிச் சொருகும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். தீப்பிடிக்கும் அளவுக்கு வயர் சூடானாலும் அந்தத் தகடு அறாது.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் கடை என்றால் இன்னொன்றும் செய்யச் சொல்லுங்கள். ஒரு முனையை பிளக்கின் எர்த் ஊசியிலும், மறு முனையை சி13 தலையின் நடுத் துளையிலும் வைத்தால் மீட்டர் கத்த வேண்டும். கத்தாவிட்டால் உள்ளே எர்த் வயரே இல்லை என்று அர்த்தம். இரண்டு வயர் மட்டும் ஓட்டி மூன்று ஊசித் தலை வைத்த கேபிள்கள் சந்தையில் இருக்கின்றன.

செம்புக்குப் பதிலாக அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரும் வருகிறது. அலுமினியத்தின் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், அடிக்கடி மடக்கினால் முறிந்தும் போகும். வெட்டிய வயர் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு இல்லை. இரும்பு கலந்த வயர் என்றால் காந்தம் ஒட்டும். பிளக், சி13 தலை, வயர் மூன்றையும் தனித்தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள், இலங்கைத் தரச் சின்னமான எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள பிளக்கையும் கெலனி, ஏ.சி.எல். போன்ற உள்ளூர் தயாரிப்பாளர்களின் வயரையும் எடுத்தால் இந்தச் சந்தேகமே வராது. பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். பழைய வயரிங்கில் சிவப்பு, கறுப்பு, பச்சை. கை பழகாதவர்கள் எலக்ட்ரீசியனைக் கொண்டு பூட்டுவதே சரி.

எர்த்

மூன்று ஊசிக் குழி உள்ள அம்ப்ளிஃபையரின் இரும்புப் பெட்டி, எர்த் வயரோடு இணைக்கப்பட்டிருக்கும். உள்ளே லைவ் வயர் கழன்று பெட்டியில் பட்டால், கரண்ட் எர்த் வழியாகப் பாய்ந்து பியூஸை எரித்துவிடும், அல்லது கரண்ட் கசிந்தால் தானாகவே அணையும் ட்ரிப் சுவிட்ச் விழும். எர்த் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி 230 வோல்ட்டோடு அப்படியே உட்கார்ந்திருக்கும், யாராவது தொடும்வரை. செட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறி இருந்தால், அதற்கு இரட்டைக் காப்பு உண்டு, எர்த் தேவையில்லை. எட்டு வடிவக் குழியுள்ள சின்ன செட்களுக்கு எர்த் ஊசியே இல்லாதது இதனால்தான்.

நம் பக்கத்துப் பழைய லயன் வீடுகளில் சிக்கல் கேபிளுக்கு அப்பால் இருக்கிறது. சுவரில் மூன்று துளை பிளக் பேஸ் இருக்கும், ஆனால் எர்த் துளைக்குப் பின்னால் வயர் இருக்காது. ஒரு லைட் வயரிலிருந்து இழுத்து இழுத்துப் போட்ட இணைப்புகளில் இது சாதாரணம். வயர் இருந்தாலும் மண்ணில் இறக்கிய கம்பி பாறையில் முட்டிப் பாதியில் நிற்கும், அல்லது ஜனவரி பெப்ரவரி வெயிலில் மண் காய்ந்து எர்த் பலவீனமாகும். எத்தனை விலையுயர்ந்த பவர் கேபிளும் இந்த வீட்டில் எர்த் கொடுக்காது. கேபிளுக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கை எலக்ட்ரீசியனுக்குக் கொடுத்து எர்த்தைச் சோதித்துப் பார்ப்பது, செட் வாங்கியவர் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம். மெயின் சுவிட்ச் பக்கத்தில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்றும், அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்றும் அப்போதே பாருங்கள். எர்த் மோசமான வீட்டிலும் உயிரைக் காப்பது அதுதான்.

ஒரு காட்சியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு ஊசிப் பிளக்கை 13 அம்பியர் பேஸில் சொருக, மேல் துளைக்குள் பேனாவையோ ஈர்க்குக் குச்சியையோ விட்டு உள் மூடியைத் திறப்பது. வீட்டுக்கு வீடு நடக்கிறது, பிள்ளைகளும் பார்த்துப் பழகுகிறார்கள். அந்த மூடி இருப்பதே பிள்ளைகள் கம்பியை விடாமல் தடுப்பதற்கு. அப்படிச் சொருகிய பிளக்குக்கு பியூஸும் கிடையாது, ஊசியும் பேஸில் இறுக்கமாகப் பிடிக்காது. இரண்டு ஊசிக்கென்று பியூஸோடு வரும் 13 அம்பியர் அடப்டர் விற்கிறது, விலை குறைவுதான், அதை வாங்குங்கள்.

ஸ்பீக்கரில் முரல் சத்தம் கேட்டால்

பாட்டு இல்லாத நேரத்தில் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு முரல். இதற்காகத்தான் பலர் கேபிள் மாற்றுகிறார்கள், மாற்றியும் போகாது. பெரும்பாலும் காரணம் எர்த் சுற்று. அம்ப்ளிஃபையர் ஒரு பேஸில், டிவி இன்னொரு பேஸில், டிவிக்குக் கூரையிலிருந்து டிஷ் வயர். இரண்டு வழியாக எர்த் கிடைக்கும்போது, இரண்டுக்கும் இடையில் இருக்கும் சின்ன வோல்ட் வித்தியாசம் ஓடியோ வயர் வழியாக ஓடி 50 ஹேர்ட்ஸ் முரலாகக் கேட்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. அம்ப்ளிஃபையரின் பின்னால் வரும் ஓடியோ வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் முரல் நிற்கிறதோ அந்த வழியில்தான் சிக்கல். பிறகு டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். முதல் மருந்து, எல்லாவற்றையும் ஒரே மல்டி பிளக்கில் மாட்டுவது. அதிலும் போகாவிட்டால், ஓடியோ வயருக்கு நடுவில் போட்டு எர்த் தொடர்பை மட்டும் அறுக்கும் சின்ன ஐசொலேட்டர் வாங்குங்கள், அல்லது டிவியில் ஒப்டிகல் அவுட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒப்டிகல் வயரில் போவது வெளிச்சம், அதன் வழியே எர்த் சுற்று உருவாகாது. பவர் வயர்களும் ஓடியோ வயர்களும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் பிரித்து, குறுக்கே போக வேண்டிய இடத்தில் குறுக்காகவே போகவிடுங்கள்.

பிளக்கின் எர்த் ஊசியை முறித்தாலோ எர்த் வயரை வெட்டினாலோ முரல் நின்றுவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நிற்கும்தான். ஆனால் மேலே சொன்ன அந்த இரும்புப் பெட்டி, அன்றிலிருந்து பாதுகாப்பில்லாமல் வீட்டில் இருக்கும். அதை மட்டும் செய்யாதீர்கள், யார் சொன்னாலும்.

ஜப்பான் செட் வாங்கியவர்களுக்கு

பழைய ஜப்பான் அம்ப்ளிஃபையர்கள் நம் ஊர்க் கடைகளுக்கு நிறைய வருகின்றன, தரத்துக்கு நல்ல பெயர். ஆனால் ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால், அதை நேராக 230இல் மாட்டினால் பியூஸோ டிரான்ஸ்ஃபோமரோ எரியும், கெப்பாசிட்டர் வெடிக்கவும் கூடும். ஆபத்து என்னவென்றால், குழியின் வடிவம் உலகம் முழுக்க ஒன்றுதான். நம் வீட்டில் கிடக்கும் கேபிள் அச்சொட்டாகப் பொருந்திவிடும், எதுவும் தடுக்காது. எனவே கேபிளைத் தேடும் முன்னால் தகட்டை வாசியுங்கள். 100 வோல்ட் செட்டுக்கு 230இலிருந்து 100ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபோமர் வேண்டும். தகட்டில் எழுதிய வாட்டைப்போல இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக எடுங்கள். அந்த டிரான்ஸ்ஃபோமரின் விலையையும் சேர்த்துத்தான் செட்டின் விலையைப் பேச வேண்டும். சிலவற்றில் வோல்ட் மாற்றும் திருகு பின்னால் இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு அதைத் திருப்புங்கள்.

மிச்சக் காசு

கேபிளில் மிச்சம் பிடித்ததை ஸ்பீக்கர் வயரில் போடுங்கள், அங்கே தடிப்புக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. ஸ்பீக்கரின் தடை 4 ஓம், 8 ஓம் என்று மிகக் குறைவு. ஐந்து மீட்டர் தூரத்துக்கு 0.5 தடிப்பில் ரேடியோ வயர் இழுத்தால் போய்வரும் தடை 0.34 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது எட்டு வீதத்துக்கும் மேல். 1.5 போட்டால் மூன்றில் ஒன்றாகிவிடும். சாதாரண 1.5 இரட்டை வயர் போதும்.

அடுத்து, சுவிட்ச் உள்ள நல்ல மல்டி பிளக் ஒன்று. எல்லா வகைப் பிளக்கும் நுழையும் என்று அகலத் துளையோடு வருவது எதையும் இறுக்கிப் பிடிக்காது. ஒரு 13 அம்பியர் பேஸ் தாங்குவது மொத்தம் 2,990 வாட். கேத்தல் ஒன்றே 2,000 வாட் இழுக்கும். செட் இருக்கும் மல்டி பிளக்கில் கேத்தல், ஹீட்டர், அயர்ன் எதையும் மாட்ட வேண்டாம். நுவரெலியா பக்கத்துப் பனியிலும் ஈரத்திலும் பித்தளை ஊசிகள் கறுத்து, பேஸின் உள் தகடு தளர்ந்துவிடும். ஒரு மணி நேரம் பாட்டு ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். ஒரு அம்பியருக்கு அது வெதுவெதுப்பாகக்கூட இருக்கக் கூடாது. சூடு தெரிந்தாலோ, துளையைச் சுற்றிப் பழுப்புக் கறை இருந்தாலோ பேஸை மாற்றுங்கள், கேபிளை அல்ல.

இடி மின்னலுக்கு சேர்ஜ் காட் (திடீரென்று ஏறும் வோல்ட்டைத் தடுக்கும் பாகம்) வைத்த மல்டி பிளக் ஓரளவு உதவும். ஆனால் அதற்குள் இருக்கும் பாகம் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும், பக்கத்தில் விழும் மின்னலை அது தாங்காது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் கறுத்துக்கொண்டு வரும் நாட்களில், இடி தூரத்தில் கேட்கும்போதே பிளக்கை பேஸிலிருந்து இழுத்துவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது, அந்தச் சின்ன இடைவெளியை மின்னல் தாண்டும். டிஷ் வயரையும் டிவியிலிருந்து கழற்றி, செட்டின் எந்தப் பாகத்திலும் படாமல் தள்ளி வையுங்கள். பவர் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு டிஷ் வயரை மறந்த வீடுகளில், மின்னல் கூரைப் பக்கமாக வந்து டிவியையும் அதோடு இணைத்த அம்ப்ளிஃபையரையும் சேர்த்தே கொண்டுபோயிருக்கிறது. இடி தலைக்கு மேலே வந்துவிட்டால் எந்த வயரிலும் கை வைக்க வேண்டாம்.